பெஞ்சில் மிஞ்சிய வாஷர்

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், நான் இரண்டு பேரைக் கொன்றுவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் அவருடைய அப்பா. போலீஸ் வந்தால் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது, கடைச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்காக இதை எழுதச் சொன்னார்கள். "உங்க அனுபவத்த எழுதுங்கண்ணே" என்றார்கள். அவர்கள் கேட்டது ஏதாவது சாதனையாக இருக்கும். என்னிடம் இருப்பது இதுதான்.

1. ஸ்பெஷலிஸ்ட் ஆன விதம்

காளவாசலுக்குப் பக்கத்தில் என் கடை. இருபத்தாறு வருஷமாக லாரி, வேன், டிராக்டர் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் வேலை. போர்டில் 'செல்வம் ஸ்டியரிங் ஒர்க்ஸ்' என்று மட்டும்தான் எழுதச் சொன்னேன். பெயின்டர், கீழே இடம் காலியாகக் கிடக்கிறதே என்று 'ஸ்பெஷலிஸ்ட்' என்று சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து நான் ஸ்பெஷலிஸ்ட்.

கடையில் எனக்குக் கூட்டாளி தவமணி. உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். என் வயசு. வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

எங்கள் இரண்டு பேருடைய தொழில் ஞானத்தையும் பிழிந்து எடுத்தால் ஒரே ஒரு சொட்டு விழும்: ஆட்டம் இருந்தால் இறுக்கு. லாரி ஸ்டியரிங் பாக்ஸின் மேல் ஒரு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ இருக்கும். டிரைவர் வந்து "அண்ணே, ஆட்டம்" என்பார். அரைச் சுற்று இறுக்குவோம். ஆட்டம் போய்விடும். டிரைவரும் போய்விடுவார். ஆறு மாசம் கழித்து இரண்டும் திரும்பி வரும். மறுபடி அரைச் சுற்று. இதற்குப் பெயர் அனுபவம்.

2. சிவப்புக் கார்

போன வருஷம் ஒரு நாள் காலையில் கடை வாசலில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. இரண்டே சீட்டு. கூரை கிடையாது. உயரம் என் இடுப்புவரை. அரை நூற்றாண்டுக்கு முன்னால் சீமையில் செய்தது. அதை ஓட்டிவந்தவர் பல் டாக்டர் பிரிஸில்லா. வீடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கம். பக்கத்து சீட்டில் அவருடைய அப்பா, காலேஜில் பிசிக்ஸ் புரொபசராக இருந்து ஓய்வு பெற்ற செபாஸ்டியன் சார்.

"ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்குண்ணே" என்றார் டாக்டர். "நேரா போயிட்டு இருக்கும்போதே நான் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம்."

வீலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். நாலு விரற்கடை தூரம் வீல் சும்மா வந்தது. முன்சக்கரம் எனக்கென்ன என்று நின்றது.

"இத வச்சுக்கிட்டா தெப்பக்குளத்துல இருந்து வந்தீங்க?"

"பஸ்காரங்க எல்லாம் ஒதுங்கிட்டாங்க" என்றார் சார் பெருமையாக. "எங்க குடும்பம் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவ கொடைக்கானல்ல கூடும். இந்தத் தடவ நான் இந்தக் கார்லதான் வருவேன்னு சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"அப்பா சொல்லிட்டார்" என்றார் டாக்டர். "ஓட்டப்போறது நான். காட்ரோட்டுல இருந்து மலைக்கு மேல எத்தனை வளைவுன்னு உங்களுக்குத் தெரியும்ல? சரியாகலைன்னா சொல்லிருங்கண்ணே. நாங்க பஸ்ல போயிக்கிறோம்."

ஸ்பெஷலிஸ்ட்டிடம் இப்படிச் சொல்லலாமா? "நம்ம கடைக்கு வந்து சரியாகாமப் போன ஸ்டியரிங் கெடையாது மேடம்" என்றேன். இந்த மாதிரி ராக் வைத்த காரை நான் அதற்கு முன்னால் பிரித்ததே இல்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அந்தக் காரின் பானெட் தனியாகத் திறக்காது. முன்பக்கம் மொத்தமும் முதலை வாயைப் போல முன்னால் சாய்ந்து திறக்கும். திறந்ததுமே ரோட்டில் போன பாதிப்பேர் கடைக்குள் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: மைலேஜ் எவ்வளவு?

உள்ளே பார்த்தேன். ராக் என்பது வேறொன்றுமில்லை. ஒரு குழாய்க்குள் ஒரு பக்கம் பல் வெட்டிய இரும்புத் தடி. அந்தப் பல்லில் பொருந்தி உருளும் சின்ன பினியன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பினியன் சுற்றும், தடி இடமும் வலமும் நகரும், தடியின் இரண்டு முனையிலும் மாட்டியிருக்கும் டை ராடு சக்கரங்களைத் திருப்பும். பவர் உதவி எதுவும் கிடையாது. எல்லாம் டிரைவரின் தோள்பட்டைதான்.

பினியனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பிளஞ்சர், அதற்கு ஒரு ஸ்பிரிங், ஒரு மூடி. மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகளாக ஷிம். ஷிம்மைக் குறைத்தால் பிளஞ்சர் தடியைப் பினியனோடு நெருக்கிப் பிடிக்கும்.

"இந்தா இருக்கு மாப்ள அட்ஜஸ்ட்மென்ட்டு" என்றேன்.

"இம்புட்டுத்தேனா?" என்றான் தவமணி. "இதுக்கா அந்தம்மா மூஞ்சிய அப்படி வச்சிருந்துச்சு?"

இரண்டு ஷிம்மை எடுத்துவிட்டு மூடியை இறுக்கினேன். ஆட்டம் முழுசாகப் போய்விட்டது. இருபது நிமிஷ வேலை. கையைத் துடைத்துக்கொண்டு டாக்டருக்கு போன் போட்டேன்.

3. தெப்பக்குளத்தைச் சுற்றி

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டியரிங் வேலை பார்த்தவன்தான் முதல் டிரையலில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். பிரேக் வேலை பார்த்தவனுக்கும் இதே விதிதான். எஞ்சின் வேலை பார்க்கிறவன் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

டாக்டர் ஓட்ட, நான் பக்கத்தில். நேர் ரோட்டில் கார் நூல் பிடித்த மாதிரி போனது. "பரவாயில்லையேண்ணே" என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

தெப்பக்குளத்தைச் சுற்றிப்போகும் ரோட்டில் முதல் முனை வந்தது. டாக்டர் திருப்பினார். கார் திரும்பியது. முனை முடிந்தது. கார் இன்னும் திரும்பிக்கொண்டே இருந்தது.

ஸ்டியரிங் என்றால் முனை திரும்பிய பிறகு கையைத் தளர்த்தினால் தானாக நேராக வரவேண்டும். இது வரவில்லை. பிடித்த இடத்திலேயே நின்றுகொண்டது. டாக்டர் இரண்டு கையாலும் இழுத்தார். நானும் எட்டிப் பிடித்து இழுத்தேன். வாக்கிங் போய்க்கொண்டிருந்த ஒருவர் குளத்துக் கட்டைச் சுவரில் ஏறி நின்றுகொண்டார். முன்சக்கரம் ஒரு சுண்டல் வண்டியை அரையடியில் தவறவிட்டு நின்றது.

சுண்டல்காரர் அசரவில்லை. "டாக்டரம்மா, குளத்துல தண்ணி நெறையக் கெடக்கு. பாத்துப் போங்க" என்றார்.

டாக்டர் எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, இது திரும்புது. ஆனா திரும்பி வரமாட்டேங்குது."

"புதுசா டைட் பண்ணியிருக்குல்ல மேடம். ஓட ஓட செட்டில் ஆயிரும்."

"பல்லுக்குக் கிளிப் போட்டுட்டு நானும் இதேதான் சொல்லுவேன். எனக்கே சொல்றீங்களா?"

மிச்சம் மூன்று முனை. ஒவ்வொன்றிலும் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், கிணற்றில் வாளி இழுப்பதைப் போல இழுத்து அவர் வீடு போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற செபாஸ்டியன் சார் கேட்டார்: "என்ன செல்வம், எத்தன ஷிம்ம எடுத்தீங்க?"

"ரெண்டு சார்."

"எத அளந்து பாத்து எடுத்தீங்க?"

இருபத்தாறு வருஷத்தில் எந்த லாரி டிரைவரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

4. நடுப்பல்

அடுத்த வாரம் ராக்கை மொத்தமாகக் கழற்றி, பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பெஞ்சில் பழைய வேட்டியை விரித்துப் பரப்பினேன். டாக்டர் கிளினிக் முடிந்து வந்தவர் தடியைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

"நடுவுல இருக்கிற பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. ஓரத்துல அப்படியே புதுசா இருக்கு. ஒரே பக்கமா மெல்றவங்களுக்கு இப்படித்தான் தேயும்."

விஷயம் அதுதான். கார் பெரும்பாலும் நேராகத்தான் ஓடும். ஆகவே தடியின் நடுப்பல்தான் தேயும். தேய்ந்த நடுவுக்குச் சரியாக நான் இறுக்கிவிட்டேன். தேயாத ஓரப் பல் வந்ததும் அங்கே இடம் இல்லாமல் பிடித்துக்கொண்டது. ஒரு பல் டாக்டர் அரை நிமிஷத்தில் சொன்னதை நான் தெப்பக்குளத்தின் நான்கு முனையையும் சுற்றித் தெரிந்துகொண்டேன்.

தேய்ந்த பல்லை வெல்டு வைத்து நிரப்பி மறுபடி வெட்டலாமா என்று கேட்க, லேத் பட்டறை யூசுப் பாயிடம் கொண்டுபோனேன். பாய் இந்த ஊரில் எனக்குத் தெரிந்த டர்னர்களில் முதல் ஆள். மெஷின் ஓடும்போது போன் எடுக்கமாட்டார், பேசமாட்டார், பிரதமரே வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

தடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செல்வம்ணே, இது ஹார்டன் பண்ணின சாமான். இதுல வெல்டு வச்சா பாக்கத்தேன் பல்லு. ஒருநாள் மலையில வச்சு தூளாப் போயிரும். அந்த குனா, அந்தப் பாவம், எனக்கு வேணாம்" என்றார்.

சீமைக்கு எழுதிப் போட்டோம். புதுத் தடி, பினியன், பால் ஜாயின்டுக்கு வேண்டிய கப், இரண்டு பக்கத்துக்கும் பெல்லோஸ், அதாவது தடியின் முனையில் தூசி போகாமல் மூடுகிற மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, எல்லாம் மூன்று வாரத்தில் பார்சலில் வந்து சேர்ந்தன. லாக் வாஷர் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, இப்போது ஸ்டாக் இல்லை என்று மெயில் வந்தது.

லாக் வாஷர் என்ன என்பதைத் தம்பிகள் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். தடியின் முனையில் டை ராடைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு கழன்றுவிடாமல் காப்பது அதுதான். தகட்டில் வெட்டிய வட்டம், ஓரத்தில் காது மாதிரி நீட்டல். நட்டை முறுக்கிய பிறகு காதை உளியால் தட்டி நட்டின்மேல் மடக்கிவிட வேண்டும். மடக்காவிட்டால் நட்டு குலுங்கிக் குலுங்கிக் கழலும். கழன்றால் தடி தனி, டை ராடு தனி. ஸ்டியரிங் டிரைவர் கையில் பத்திரமாக இருக்கும். சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

பக்கத்துக்கு ஒன்று, ஆக இரண்டு வாஷர் வேண்டும் என்று பாயிடம் சொன்னேன். பழைய வாஷரைப் பார்த்து அதே கனத் தகட்டில் வெட்டி, பேப்பரில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். ராக் குழாயின் கடைசி முனையில் தேய்ந்திருந்த புஷ் வளையத்தையும் கன்மெட்டல் வெண்கலத்தில் புதிதாகக் கடைந்து தந்தார்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். ஷிம்மை ஒவ்வொன்றாக வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடியை ஓட்டி, எங்கேயாவது பிடிக்கிறதா என்று பார்த்தேன். எவ்வளவு பலத்தில் வீல் நகர்கிறது என்று அளக்க, பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் இருந்து தொங்கவிடுகிற தராசை வாங்கிவந்து வீலில் மாட்டி இழுத்தேன். தவமணியைப் பக்கத்தில் விடவில்லை.

"தள்ளி நில்லு மாப்ள, இது ஸ்போர்ட்ஸ் காரு."

"ஆமாமா. நேத்துவர டிராக்டர். இன்னிக்கு ஸ்போர்ட்ஸ் காரு" என்று போய்விட்டான்.

இடது பக்க டை ராடைப் புதன்கிழமை மாட்டினேன். வலது பக்கம் வியாழக்கிழமை காலையில். வலது பக்கத்தை மாட்டும்போது ஒரு டிராக்டர்காரர் வந்து, அவருக்கும் மச்சினனுக்கும் நடந்த வாய்க்கால் சண்டையை முக்கால் மணி நேரம் சொன்னார். அன்று சாயங்காலம் டாக்டர் ஓட்ட, வழக்கப்படி நான் பக்கத்தில் உட்கார்ந்து தெப்பக்குளத்தை மூன்று சுற்று வந்தோம். கையைத் தளர்த்தினால் வீல் தானாக நேரே வந்தது. நடுவில் ஆட்டம் துளி இல்லை.

"நாளைக்குக் காலையில உசிலம்பட்டி கிளினிக். அத முடிச்சுட்டு அப்படியே அப்பாவோட வத்தலக்குண்டு வழியா மேல போறோம்ணே" என்றார் டாக்டர். "நம்பிப் போகலாம்ல?"

"கண்ண மூடிக்கிட்டுப் போகலாம் மேடம்."

மலைப்பாதையில் போகிறவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அப்போது உறைக்கவில்லை.

5. வெள்ளிக்கிழமை

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மேல் பெஞ்சைச் சுத்தம் செய்தேன். பழைய வேட்டியை உதறினேன். அதன் மடிப்பிலிருந்து டிங் என்று ஒன்று தரையில் விழுந்தது.

லாக் வாஷர். புதுசு. காது மடக்கவே இல்லை.

இரண்டு கேட்டேன். ஒன்று இங்கே கிடக்கிறது. அப்படியானால் காரில் இருப்பது ஒன்றுதான்.

"மாப்ள" என்றேன். "வலது பக்கம் வாஷர மடக்குனமா?"

"மடக்குனமாவா? என்னயத்தேன் தொடவே விடலையே நீ. ஸ்போர்ட்ஸ் காருன்ன."

உட்கார்ந்து யோசித்தேன். டிராக்டர்காரரின் மச்சினன் வாய்க்காலை எந்தப் பக்கம் மறித்தான், யார் முதலில் மண்வெட்டியைத் தூக்கினார்கள், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வாஷரின் காதை உளியால் தட்டியது மட்டும் வரவில்லை. பெல்லோஸை மாட்டிவிட்ட பிறகு உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

டாக்டருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. நோயாளி வாயில் கை வைத்திருக்கும்போது சைலன்ட்டில் போட்டுவிடுவார். சாரிடம் செல்போனே கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்டால் கதிர்வீச்சைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். யூசுப் பாய்க்குத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். அவர் பள்ளிவாசலில் இருந்தார்.

"வண்டிய எடு" என்றேன்.

பைக்கை நான் ஓட்ட, தவமணி பின்னால். செக்கானூரணிக்கு முன்னால் ரோட்டோரம் ஒரே கூட்டம். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். தவமணி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"தர்பூசணி" என்றான். "வந்தது வந்தோம், ஆளுக்கு ஒரு துண்டு..."

"ஏறுடா!"

"சரி, ஏன் கத்துற? அந்தம்மா இன்னும் கிளினிக்லதேன் இருக்கும். மலைக்கே போயிருக்காது."

"மலைக்கு எதுக்குடா போகணும்? இந்த ரோடு பத்தாதா?"

வழியில் எதிரே வந்த ஒவ்வொரு ஆம்புலன்ஸையும் எண்ணினேன். ஒன்றுதான் வந்தது. அதுவும் காலியாக, டிரைவர் டீ குடித்தபடி.

உசிலம்பட்டியில் கிளினிக் பூட்டிக் கிடந்தது. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். "இப்பத்தேன் கெளம்புனாக. அந்தா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம்."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினேன். ரோட்டை அடைத்துக்கொண்டு நூறு பேர் நின்றார்கள். கூட்டத்தின் நடுவில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பைக்கை ஸ்டாண்ட்கூடப் போடாமல் தவமணியிடம் தள்ளிவிட்டு, அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எதையும் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

தவமணி பைக்கை நிறுத்திவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"எந்திரி மாப்ள."

"சொல்லு. எவ்வளவு மோசம்?"

"ரொம்ப மோசம். பெரியவரு மைலேஜ் பத்திக் கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்காரு. ஒருத்தனும் நகர மாட்டேங்கிறான்."

6. வாய்க் கண்ணாடி

கூட்டத்துக்குள் பாய்ந்தேன். "வண்டிய எடுக்காதீங்க! எல்லாரும் எறங்குங்க!"

"நாங்க எறங்கித்தான் நிக்கிறோம்" என்றார் சார். "நீங்க எங்க இங்க?"

டாக்டரிடம் வாஷரை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக் காரிடமிருந்து இரண்டு அடி தள்ளி நிறுத்தினார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

பானெட்டைத் திறந்தேன். கூட்டத்துக்கு ஒரே குஷி. குனிந்தேன். பெல்லோஸை இறுக்கியிருந்த கிளிப்பைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பாக்கெட்டில் கை விட்டேன். நாற்பது கிலோமீட்டர் துரத்திக்கொண்டு வந்த ஸ்பெஷலிஸ்ட்டிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் இல்லை. கையில் இருந்தது அந்த வாஷர் மட்டும்தான்.

"ஏன்ணே, மெக்கானிக்னு சொல்றீக, சாமான் எங்க?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எதிரே ஒரு சலூன். ஓடிப்போய் ஒரு பிளேடு வாங்கி வந்தேன். "அண்ணே, இருங்க" என்று டாக்டர் சொல்வது காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. சந்தேகம் வலது பக்கம்தான் என்பதையே மறந்து, கைக்கு முதலில் எட்டிய இடது பக்கப் பெல்லோஸை நீளவாக்கில் ஒரே கிழியாகக் கிழித்தேன். மூன்று வாரம் காத்திருந்து சீமையிலிருந்து வந்த பெல்லோஸ்.

உள்ளே வாஷர் இருந்தது. காது அழகாக மடங்கியிருந்தது.

அதைப் பார்த்ததும் நிம்மதி வரவேண்டும். எனக்கு வரவில்லை. இடது பக்கம் இருக்கிறது என்றால் இல்லாதது வலது பக்கம்தான். பிளேடோடு வலது பக்கம் தாவினேன்.

"அண்ணே!" டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பல் பிடுங்கிப் பழகிய பிடி. "கத்திய கீழ போடுங்க. அப்பா, என் பேக்."

வலது பக்கப் பெல்லோஸின் சின்ன முனையை நான் கிளிப்பால் இறுக்கவில்லை, கட்டுக் கம்பியால் சுற்றியிருந்தேன். அவர் பேக்கிலிருந்து ஒரு இடுக்கியை எடுத்து அந்தக் கம்பியைப் பிரித்தார். ரப்பரைப் பின்னால் தள்ளினார். நீளமான பிடி வைத்த சின்ன வாய்க் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச்சை அடித்தார். நூறு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இருக்கு" என்றார் டாக்டர்.

"மடங்கியிருக்கா?"

"மடங்கித்தான் இருக்கு. வாங்க, நீங்களே பாருங்க."

பார்த்தேன். வட்டக் கண்ணாடியில் வாஷரின் காது, நட்டின்மேல் அப்பிக்கொண்டு, பளபள என்று தெரிந்தது. என் உளியின் தடம்கூடத் தெரிந்தது.

"அப்போ கையில இருக்கிறது?" என்றார் சார்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. யூசுப் பாய்.

"என்ன செல்வம்ணே, பதினேழு மிஸ்டு கால்? தொழுதுட்டு வெளிய வந்து போனத் தொறந்தா ஒரே திகிலா இருக்கு. யாருக்கு என்ன?"

"பாய், அந்த லாக் வாஷர் எத்தனை போட்டீங்க?"

"மூணு."

"நான் ரெண்டுதான கேட்டேன்?"

"ரெண்டு கேட்டீங்க. மடக்கையில காது ஒடிஞ்சா திரும்ப எங்கிட்டத்தேன் ஓடி வருவீங்கன்னு ஒண்ணு சேத்தே வெட்டினேன். அந்தப் பேப்பர்லயே மூணுன்னு எழுதி வச்சேனே?"

அந்தப் பேப்பரில்தான் நான் கிரீஸைத் துடைத்தேன்.

ஸ்பீக்கரில் போடாமலே எல்லோருக்கும் கேட்டுவிட்டது. தவமணி தலையைக் குனிந்துகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் கண்ணாடியைப் பேக்கில் வைத்து மூடிவிட்டு, கிழிந்து தொங்கிய பெல்லோஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், மன்னிச்சிருங்க. திரும்பிப் போயிருவோம். நானே ஓட்டிக்கிட்டு வாரேன்."

"எதுக்கு?" என்றார். "இதுவரைக்கும் நீங்க சொன்னத நம்பி வந்தேன். இப்ப ரெண்டு பக்கமும் நானே பாத்துட்டேன். இப்பத்தான் நிம்மதியா ஓட்டுவேன்."

சைக்கிள் கடையில் பாலிதீனும் இன்சுலேஷன் டேப்பும் வாங்கி, கிழித்த இடத்தைச் சுற்றிக் கட்டினேன். வலது பக்கக் கம்பியை டாக்டரே முறுக்கினார். "இதுல தூசி போனா என்ன ஆகும்?" என்று சார் கேட்டார். ஒரு நாள் பயணத்துக்கு ஒன்றும் ஆகாது, வந்ததும் பிரித்துக் கழுவி கிரீஸ் வைத்துவிடுகிறேன் என்றேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்லவில்லை.

தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டுதான். லேத்திலிருந்து சாமான் வாங்கும்போது அங்கேயே நின்று எண்ணுங்கள். ஒவ்வொரு லாக்கையும் மடக்கியவுடனே அதன்மேல் ஒரு பெயின்ட் பொட்டு வையுங்கள், பக்கத்தில் யார் என்ன சண்டைக் கதை சொன்னாலும்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டரும் அவருடைய அப்பாவும் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்டியரிங்கில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காரில் அன்றைக்குக் கெட்டுப்போனது ஒன்றே ஒன்று, நான் பிளேடால் கிழித்த இடது பக்கப் பெல்லோஸ்.